கவிழ்த்துப் போட்டுப் பாருங்கள்

பழைய மர சாமானைச் சரிசெய்து வைத்துக்கொள்வதா, வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் புதிதாக வாங்குவதா என்ற பேச்சு எல்லா வீட்டிலும் ஒரு தரமாவது நடக்கும். வீடு மாறும்போது நடக்கும், பாகம் பிரிக்கும்போது நடக்கும், போகிக்கு முந்தின வாரம் கட்டாயம் நடக்கும். என்னிடம் யாராவது யோசனை கேட்டால், முதலில் சாமானைக் கவிழ்த்துப் போட்டுப் பாருங்கள் என்பேன். மேலிருந்து பார்த்தால் கறை, கீறல், சூடான டம்ளர் வைத்த வெள்ளை வட்டம், யாரோ எப்போதோ அடித்த பச்சைப் பெயிண்ட், இவைதான் கண்ணில் படும். பார்த்த மாத்திரத்தில் இது தேறாது என்று தோன்றிவிடும். ஆனால் அவ்வளவும் சில நாள் வேலையில் சரியாகிற சமாசாரம். கால் சட்டத்தோடு எப்படிச் சேர்ந்திருக்கிறது, சட்டத்தின் முனையைச் செதுக்கித் துளைக்குள் இறக்குகிற கழுந்து வைத்துப் பூட்டியிருக்கிறதா, ஆணி அடித்து ஒப்பேற்றியிருக்கிறதா, பலகை முழு மரமா, தூளை அமுக்கிச் செய்த அட்டையா என்பதெல்லாம் அடியில்தான் தெரியும்.

இதை எனக்குக் காட்டிக்கொடுத்தவர் ஒரு பழைய சாமான் வியாபாரி. கும்பகோணத்துக்கும் திருவையாற்றுக்கும் இடைப்பட்ட எங்கள் ஊரில் தாத்தா வீட்டை விற்ற சமயம். சாமான்களை ஒழிக்கச் சித்தப்பா அவரை வரவழைத்திருந்தார். வந்தவர் ரேழியில் கிடந்த மேசையைப் பார்த்து, "பாலிஷெல்லாம் போயிடுச்சு, காலும் ஆடுது, விறகுக்குத்தான் ஆகும்" என்று உதட்டைப் பிதுக்கினார். சொல்லிக்கொண்டே குனிந்து மேசையின் அடிப்பக்கம் கையை விட்டுத் தடவினார். இழுப்பறையை முழுக்க உருவி அதன் மூலையைத் திருப்பிப் பார்த்தார். பித்தளைக் கைப்பிடியை நகத்தால் சுரண்டினார். அப்புறம், "சரி, எல்லாத்தையும் சேர்த்து ஒரு விலை சொல்லுங்க" என்றார். விறகுக்கு ஆகிற மேசையை யாரும் இவ்வளவு நேரம் தடவிப் பார்க்க மாட்டார்கள். மேசை, இரண்டு பிரம்பு நாற்காலி, ஒரு மர பீரோ, ஊஞ்சல் பலகை ஆகியவற்றை என் பங்குக்கு எடுத்துக்கொண்டேன். பித்தளை அண்டா, வெண்கலப் பானை எல்லாம் அத்தைகளுக்குப் போயின. யாருக்கும் வருத்தமில்லை.

திருச்சியில் மரவாடிக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையில் வேலை செய்யும் தச்சர் ஒருவர் கிடைத்தார். அறுபது தாண்டியவர். பிள்ளைகள் இருவரும் மாடுலர் கிச்சன் வேலைக்குப் போகிறார்கள். இவர் மட்டும் கோவில் கதவு, பழைய கட்டில், ஊஞ்சல் என்று பிடிவாதமாக இருக்கிறார். மேசையைத் தலைகீழாகப் புரட்டியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "மூட்டுல ஆணி அடிச்சிருக்காங்க தம்பி. முதல்ல இந்தப் பாவத்தைக் கழுவணும்."

விஷயம் இதுதான். மேசைக் காலில் துளை வெட்டி, குறுக்குச் சட்டத்தின் முனையைக் கழுந்தாகச் செதுக்கி உள்ளே இறக்கி, குறுக்கே ஒரு மூங்கில் ஆணி அறைந்து பூட்டியிருந்தார்கள். பசை வஜ்ஜிரம். மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கிற பழைய பசை. மரம் மழைக்காலத்தில் ஈரத்தை வாங்கி உப்பும், கோடையில் சுருங்கும். எந்த மூட்டும் பத்து இருபது வருடத்தில் கொஞ்சம் தளரத்தான் செய்யும். அப்படித் தளர்ந்தபோது எவரோ ஒருவர் சுலபமாக இரண்டரை அங்குல இரும்பு ஆணியைச் சரிவாக அடித்து இறுக்கிவிட்டார். அடித்த அன்று கால் ஆடாது. ஆனால் மரம் அசையும்போது ஆணி அசையாது, அதனால் துளை பெரிதாகும், நாளடைவில் கழுந்தே பிளக்கும். அதைவிடப் பெரிய கெடுதல், மூட்டைப் பிரித்துச் சரிசெய்யும் வழியை அந்த ஆணி அடைத்துவிடுகிறது.

ஆசாரி ஆணியைச் சுற்றி மெல்லிய உளியால் கொஞ்சம் தோண்டி, குறட்டால் பிடித்து நேராக இழுத்தெடுத்தார். மூங்கில் ஆணியைப் பின்புறமாகத் தட்டி வெளியேற்றினார். கொதிக்கிற தண்ணீரில் துணியை நனைத்து மூட்டைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டு, "வாங்க, டீ குடிச்சிட்டு வருவோம்" என்றார். திரும்பி வந்து துணியை அவிழ்த்து, மரத்தின்மேல் அடி படாமல் ஒரு சிறு கட்டையை வைத்து, கொட்டாப்புளியால் இரண்டு தட்டு. கழுந்து வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. அதன் கன்னத்தில் தேன் நிறத்தில் வஜ்ஜிரம் குழைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. தோல் பதனிடும் இடத்து நாற்றம் லேசாக வந்தது. சூடும் ஈரமும் பட்டால் இளகும், ஆறினால் இறுகும் என்பதுதான் அந்தப் பசையின் குணம். மழைக்காலத்தில் மூட்டு தளர்வதற்குக் காரணமும் அதே குணம்தான். பழைய தச்சர்களுக்கு இது தெரியாமலில்லை. பசையை மட்டும் நம்பாமல் கழுந்தும் மூங்கில் ஆணியும் வைத்தார்கள். பிற்காலத்தில் வேறொரு தச்சன் இதைப் பிரிப்பான் என்று எண்ணியே செய்த வேலை அது.

பழையதைச் சரிசெய்ய வேண்டும் என்று நான் வாதாடுவதற்கு முதல் காரணம் இதுவே. தாத்தா உட்கார்ந்த நாற்காலி, பாட்டி படுத்த கட்டில் என்கிற உருக்கமெல்லாம் அப்புறம். பிரிக்க முடிகிற சாமான் பிழைத்துக்கொள்ளும். அதைப் போய்த் தூக்கி எறிவது அசட்டுத்தனம். பிரிக்க முடியாத சாமானோடு மல்லுக்கட்டுவதும் அசட்டுத்தனம்தான். அதற்குப் பின்னால் வருகிறேன்.

கழுந்து கொஞ்சம் இளைத்திருந்தது. இழைப்புளியில் தேக்குக் கட்டை ஒன்றைச் சீவி, காகிதத்தைவிடக் கொஞ்சம் தடிமனான சுருளை எடுத்து, கழுந்தின் இரு பக்கமும் ஒட்டி, காய்ந்ததும் துளைக்குச் சரியாகத் தேய்த்து இறக்கினார். வஜ்ஜிரத்தை முதல் நாளே தண்ணீரில் ஊறப்போட்டு, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்துச் சூடாக்கினார். நேராக அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் பசையின் பிடிப்பு போய்விடுமாம். "ஏன் ஃபெவிகால் போடக் கூடாது?" என்று கேட்டேன். "ப்ளைவுட் வேலைக்கு நானும் அதைத்தான் போடுறேன். அருமையாப் பிடிக்கும். இதுக்குப் போட்டா அடுத்தவன் திட்டுவான்." 1959-இல் வந்த அந்த வெள்ளைப் பசை தச்சு வேலையின் வேகத்தையே மாற்றியது என்பது உண்மை. ஆனால் அது காய்ந்த இடத்தில் புதுப் பசை சரியாகப் பிடிக்காது, முழுதும் சுரண்டியாக வேண்டும். சுரண்டச் சுரண்டக் கழுந்து இளைக்கும்.

இந்த மேசை என்ன மரம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் விற்கப்போகும் எந்தப் பழைய மேசையும் அன்றைக்கே பர்மா தேக்காகிவிடும். வாங்க வருகிறவர் வாயில் அதே மேசை நாட்டு மரமாகிவிடும். என்னுடையது தேக்கு என்பதில் சந்தேகமில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தபோது எழும்பிய எண்ணெய்ப் பிசுக்கான தோல் வாடையே சாட்சி. பர்மாவா மலபாரா என்று சத்தியம் செய்ய மாட்டேன். எங்கள் பக்கத்து வீடுகளில் பூவரசு, வேம்பு, பலா, வேங்கை எல்லாம் உண்டு. ஈரத் துணியால் துடைத்தால் துணியில் மஞ்சள் கறை படிந்தால் அது வேங்கையாக இருக்கலாம். பலா வாங்கிய புதிதில் மஞ்சளாக இருந்து, போகப் போகப் பழுப்பாகும். இவற்றை எல்லாம் நாட்டு மரம் என்று இளக்காரமாகத் தள்ளுவது தவறு. பூவரசில் செய்த வண்டிச் சட்டங்கள் எத்தனை பாரம் சுமந்தன என்று காவிரிக் கரைக்காரர்களுக்குத் தெரியும்.

ஆனாலும் பர்மா தேக்குக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. காட்டிலிருந்து ஆற்று வழியாகக் கொண்டுவர வேண்டுமென்றால் காய வேண்டும். அதற்காக, வெட்டத் தேர்ந்த மரத்தின் அடியைச் சுற்றிப் பட்டையையும் அதற்கு அடுத்த வெள்ளைப் பகுதியையும் வளையமாக வெட்டிவிட்டு, நின்ற வாக்கிலேயே இரண்டு மூன்று வருடம் காயவிடுவார்கள். அப்புறம்தான் சாய்த்து, யானைகளை வைத்து ஓடைக்கு இழுத்து, மழை வெள்ளத்தில் விட்டு, தெப்பமாகக் கட்டி ஐராவதி வழியாக ரங்கூனுக்குக் கொண்டுவந்தார்கள். 1856-இல் பர்மாக் காடுகளின் பொறுப்பை ஏற்ற ஜெர்மானியரான டீட்ரிஷ் பிராண்டிஸ், எத்தனை மரத்தை எந்த ஆண்டில் வெட்டலாம் என்று கணக்குப் போட்டு வெட்டும் முறையைக் கொண்டுவந்தார். இப்படி நின்றே காய்ந்து, ஆற்றில் ஊறி, மறுபடி காய்ந்த மரம், மேசையான பிறகு அவ்வளவாக முறுக்கிக்கொள்ளாது. பர்மாவில் கொடுக்கல் வாங்கல் செய்த நகரத்தார் செட்டிநாட்டு வீடுகளின் தூண்களுக்கும் கதவுகளுக்கும் இந்த மரத்தைக் கப்பலில் வரவழைத்தார்கள். நம் மேற்குக் கரைத் தேக்கும் லேசுப்பட்டதில்லை. திருகோணமலையின் பெயரைத் தாங்கிய பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்று 1817-இல் பம்பாயில் மலபார்த் தேக்கில் கட்டப்பட்டது. அது இன்னமும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் துறையில் மிதந்துகொண்டிருக்கிறது.

அந்த மாதிரி மரம் இனி கடையில் கிடைக்காது என்பதைத்தான் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. மியான்மர் 2014 ஏப்ரல் முதல் தேதியோடு உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்தியது. இப்போது மரவாடிகளில் கிடைப்பதில் பெரும்பகுதி ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் தோட்டமாக வளர்த்த தேக்கு. தோட்டத் தேக்கு ஒன்றும் புதிதல்ல, நிலம்பூரில் 1840-களிலேயே நட்டுவிட்டார்கள். ஆனால் அங்கே மரத்தை நிதானமாக முற்றவிட்டார்கள். இன்றைக்கு இருபது, இருபத்தைந்து வருடத்தில் வெட்டிவிடுகிறார்கள். வைரம், அதாவது நடுவில் முற்றிய பகுதி, குறைவு, அதைச் சுற்றியுள்ள வெள்ளை அதிகம். தேக்கைக் கரையான் தொடாது என்பது வைரத்துக்குத்தான் பொருந்தும், வெள்ளைக்குப் பொருந்தாது. ஆகவே தாத்தா காலத்துத் தேக்கு மேசையை விற்றுவிட்டு அந்தக் காசில் புதுத் தேக்கு மேசை வாங்கினால், பேரில் மட்டும்தான் இரண்டும் ஒன்று.

இனி பாலிஷ். பழைய சாமான்கள் அதிகமாகக் கெடுவது இந்தக் கட்டத்தில்தான். சும்மா கிடந்தபோது கெட்டதைவிடச் சரிசெய்யப்போய்க் கெட்டவை அதிகம் என்றே சொல்வேன். பளபளப்பு வேண்டும் என்ற ஆசையில் மெஷினை வைத்து உரசி, அறுபது எழுபது வருடம் வெளிச்சத்தில் பழுத்த நிறத்தை அரை மணியில் பறக்கவிட்டு, வெளுத்த மரத்தின்மேல் கறுப்பாகச் சாயம் ஏற்றி, அதற்குமேல் பி.யூ. என்கிற பாலியூரித்தேன் பூச்சை அடித்துவிடுகிறார்கள். ஓரங்களின் கூர்மை மழுங்கிப்போகும். கடைசியில் ரெக்ஸின் ஒட்டியது போல ஒன்று வந்து நிற்கும்.

எங்கள் மேசையில் இருந்தது பிரெஞ்சு பாலிஷ், அதாவது அரக்கு. புரசு, இலந்தை மாதிரி மரங்களின் கிளைகளில் அரக்குப் பூச்சி கூடு கட்டிச் சுரக்கிற பிசின். ஜார்கண்ட், சத்தீஸ்கர் பக்கம் எடுக்கிறார்கள். பழைய கிராமபோன் தட்டுகளுக்கும் இதே சரக்குதான். செதில் செதிலாக வரும் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்தால் பாலிஷ் தயார். மேலே இருப்பது அரக்குதானா என்று கண்டுபிடிப்பது சுலபம்: மேசையின் உட்புறம், கண்ணுக்குப் படாத ஒரு மூலையில், பஞ்சில் கொஞ்சம் ஸ்பிரிட் நனைத்து வைத்துப் பாருங்கள். பிசுபிசுவென்று இளகினால் அரக்கு. இளகவில்லை என்றால் வார்னிஷோ வேறெதுவோ.

அரக்கென்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மேசை நடுவில் இருந்த வெள்ளை வட்டத்தை ஆசாரி நீக்கியதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். மெல்லிய காடாத் துணியில் ஸ்பிரிட்டைத் தொட்டு, நன்றாக உதறி, ஏறக்குறைய காய்ந்த துணியால் அந்த வட்டத்தின்மேல் தொட்டும் தொடாமலும் வீசினார். வெள்ளை அப்படியே மங்கி, அடியில் மரம் தெரிந்தது. டம்ளரின் சூட்டில் அரக்குக்குள் புகுந்த ஈரம்தான் அந்த வெள்ளை. ஸ்பிரிட் அரக்கை ஒரு கணம் இளக்கி அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடுகிறது. துணியில் ஸ்பிரிட் கொஞ்சம் அதிகமானாலும் பாலிஷே பெயர்ந்து வந்துவிடும் என்பதால் அவர் என்னைக் கை வைக்க விடவில்லை.

அப்புறம் பழைய வேட்டித் துணியில் பஞ்சைப் பொதிந்து ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டார். உள்ளே பஞ்சில் அரக்கு, வெளியே துணியில் ஒரு சொட்டு ஆளிவிதை எண்ணெய். பலகைமேல் எட்டு எட்டாக வட்டமிட்டு இழுப்பார். கை நடுவில் நிற்கவே கூடாது, நின்றால் துணி ஒட்டிக்கொண்டு மேற்பரப்பைப் பிய்த்துவிடும். பூச்சின்மேல் பூச்சாக, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு, இடையிடையே தேய்ந்த உப்புத்தாளால் வருடிவிட்டு, இப்படியே போகும். மழை நாளில் இந்த வேலையை எடுக்க மாட்டார், காற்றில் ஈரம் இருந்தால் பாலிஷ் வெளுத்துப் பூத்துவிடும். எண்ணெய் நனைந்த துணிகளை உருட்டி மூலையில் போடாமல் விரித்துக் காயவைப்பது நல்ல பழக்கம். ஆளிவிதை எண்ணெய்த் துணி குவிந்து கிடந்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும்.

"கண்ணாடி மாதிரி பளபளன்னு வேணும்னு கேக்கிறாங்க. கண்ணாடி மாதிரி வேணும்னா கண்ணாடியே போட்டுக்கலாமே" என்றார். அரக்கு சூடு தாங்காது, ஸ்பிரிட் தாங்காது, தண்ணீர் நின்றால் தாங்காது என்பது வாஸ்தவம். சாப்பாட்டு மேசைக்கு நானே அரக்கு வேண்டாம் என்பேன். ஆனால் எழுதுகிற மேசைக்கும், பீரோவுக்கும், புத்தக அலமாரிக்கும் அது போதும். கெட்ட இடத்தில் மட்டும் தொட்டுக்கொண்டால் போதும். பி.யூ.வில் ஒரு இடம் உரிந்தால் முழுப் பலகையையும் உரிக்கிற நிலை வரும். மேசையின் வலது ஓரத்தில் தாத்தா பத்திரம் எழுதிய காலத்து மசிக் கறை ஒன்று இருந்தது. ஆக்சாலிக் அமிலம் போட்டு எடுத்துவிடலாம் என்றார் ஆசாரி. இருக்கட்டும் என்றுவிட்டேன். வீட்டுக்கு வருகிற யாராவது ஒருவர் அதைத் துணி எடுத்துத் துடைத்துப் பார்க்காமல் போவதில்லை.

பிரம்பு நாற்காலிகளின் கதை வேறு. மரம் கல்லு மாதிரி இருந்தது, உட்காருகிற இடம்தான் கிழிந்து தொங்கியது. இதற்குப் பிளாஸ்டிக் வயர் கட்டுவதுதான் ஊர் வழக்கமாகிவிட்டது. மலிவு, சீக்கிரம் முடியும், மே மாதத்தில் முதுகு வேகும். நாற்காலிச் சட்டத்தைச் சுற்றிலும் வரிசையாகத் துளைகள் இருந்தால் அது கையால் பின்னியது. துளைக்குப் பதில் ஒரு பள்ளம் ஓடினால், ஆயத்தமாக நெய்து வரும் பிரம்புத் தாளை அழுத்திப் பொருத்தியது. எங்களுடையது துளை வகை. சீர்காழியிலிருந்து சிதம்பரம் போகிற சாலையில், கொள்ளிடம் பக்கம் தைக்கால் என்று ஒரு ஊர் இருக்கிறது. பிரம்புக்கும் பாய்க்கும் பெயர்போன இடம், சாலையோரம் நெடுகக் கூடையும் நாற்காலியும் தொங்கும். நாற்காலி இரண்டையும் ஒரு மினி வேனில் ஏற்றிக்கொண்டு அங்கே போனோம்.

பின்னியவர் ஒரு நடுத்தர வயதுப் பெண். முதலில் பிரம்புச் சீவல்களைத் தண்ணீரில் ஊறவைத்தார். காய்ந்த பிரம்பை வளைத்தால் பட்டென்று ஒடியும், ஊறியது நாடா மாதிரி வளையும். முன்னிருந்து பின்னுக்கு ஒரு வரிசை, அதன்மேல் இடமிருந்து வலம் ஒரு வரிசை, மறுபடி முன்பின் ஒன்று, அதற்குள் மேலும் கீழுமாக நுழைத்து இடவலம் இன்னொன்று. இதுவரை வெறும் சதுரக் கட்டம்தான், அழுத்தினால் விலகும். கடைசியாக மூலைக்கு மூலை சாய்வாக ஒன்றும், அதற்கு எதிர்ச் சாய்வாக ஒன்றும் போனதும் கட்டங்கள் எட்டு முனைக் கண்களாக மாறி இறுகிக்கொண்டன. ஒவ்வொரு இழையையும் இழுத்ததும் துளையில் ஒரு சின்னக் குச்சியைச் செருகி நிறுத்துவார், அடுத்த இழை வந்ததும் குச்சி அடுத்த துளைக்குப் போகும். கண் அதிகம் வேலை செய்யவில்லை, விரல் நுனிதான் எல்லாம் பார்த்தது. நம் பார்வையற்றோர் பள்ளிகளில் நாற்காலி பின்னும் தொழிலை வெகுகாலம் கற்றுக்கொடுத்ததும், அரசு அலுவலக நாற்காலிகள் அவர்கள் கைக்குப் போனதும் எதனால் என்று அப்போது விளங்கியது. அலுவலகங்கள் சுழல் நாற்காலிக்கு மாறியதும் அந்தப் பிழைப்பும் சுருங்கிப்போனது. நாற்காலியைப் புதுப்பிப்பது பற்றிப் பேசும் யாரும் இந்தப் பக்கத்தைப் பேசுவதில்லை.

புறப்படும்போது அவர் ஒரு யோசனையும் சொன்னார். "தொய்ஞ்சுபோச்சுன்னு உடனே தூக்கிட்டு வராதீங்கண்ணே. கவுத்துப் போட்டு அடிப்பக்கம் சுடுதண்ணித் துணியால ஒத்தி, நிழல்ல காயவிடுங்க. தானா இழுத்துக்கும்." செய்து பார்த்தேன், இழுத்துக்கொண்டது.

பூச்சி, பெயிண்ட் இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாமானுக்கு அடியில் மாவு மாதிரிப் பொடி கொட்டிக் கிடந்தால் உள்ளே வண்டு இருக்கிறது, உளுத்துக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் வெள்ளைப் பகுதியில்தான் இருக்கும், அங்கே உள்ள மாவுச்சத்துதான் அதற்குத் தீனி. அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு ஒட்டுப்போடுவது நல்லது. இடித்த வீட்டுக் கதவு, ஜன்னல் விற்கிற கடைகளில் அதே வயதுள்ள மரத்துண்டு கிடைக்கும், ஒட்டு தெரியாது. வெயிலில் போட்டால் பூச்சி செத்துவிடும் என்று பலகையைக் காயப்போடாதீர்கள், வெடித்துவிடும். பழைய பெயிண்டை உலர்வாகத் தேய்க்கவே கூடாது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. தாத்தா காலத்துப் பச்சைப் பெயிண்டில் எவ்வளவு இருந்ததோ. நனைத்துத் தேய்ப்பது, முகமூடி போடுவது, குழந்தைகளை வேறு அறையில் விடுவது, இந்த மூன்றிலும் சமரசம் வேண்டாம்.

இனி முன்னே சொன்ன இன்னொரு அசட்டுத்தனம். தூளைப் பசையில் குழைத்து அமுக்கிச் செய்கிற பார்ட்டிகிள் போர்டு அலமாரியைப் புதுப்பிக்கலாமா என்று கேட்கிறார்கள். முடியாது. திருகாணி ஒருமுறை கழன்ற துளையில் மறுபடி பிடிக்காது. தண்ணீர் பட்டால் உப்பும், உப்பினது இறங்காது. சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரில் என் நண்பன் வீட்டுத் தரைத்தளம் மூழ்கியது. மூன்று வருடம் ஆன அலமாரிகளும் டிவி ஸ்டாண்டும் ஊறிப்போய், கையால் அள்ளிக் குப்பையில் போடுகிற நிலைக்கு வந்துவிட்டன. அதே அறையில் அதே தண்ணீரில் கிடந்த அவன் அம்மாவின் கல்யாணத் தேக்குக் கட்டிலைக் கழுவி, ஆப்பைத் தட்டிப் பிரித்து, நிழலில் சாய்த்துக் காயவைத்து மறுபடி பூட்டினார்கள். பாலிஷ் போனது, கட்டில் இருக்கிறது. இதற்காகப் புதுசு எல்லாமே மட்டம் என்று சொல்ல வரவில்லை. ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள மரைன் ப்ளைவுட் நன்றாகவே தாங்கும். விலையும் அதற்கேற்றபடி இருக்கும்.

காசு விஷயத்தில் பொய் சொல்ல மாட்டேன். சரிசெய்வது மலிவு என்று எழுதுகிறவர்கள் கூலியைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்த இரண்டு நாற்காலிக்கும் பின்னல் கூலி, வேன் வாடகை எல்லாம் சேர்த்தால் பிளாஸ்டிக் நாற்காலி டஜன் கணக்கில் வாங்கியிருக்கலாம். மேசைக்கு ஆன செலவில் ஆன்லைனில் ஒரு கம்ப்யூட்டர் டேபிள் வீட்டு வாசலுக்கே வந்துவிடும். ஆனால் மேசையை அதே தரத்தில் இன்றைய தேக்கில் செய்யச் சொன்னால் மரத்துக்கு மட்டும் அதைப்போலப் பல மடங்கு ஆகும். எதோடு எதை ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தது. சாமான் சாதாரண மரம், மூட்டெல்லாம் ஆணி, வீட்டில் இடமும் இல்லை என்றால் நானே கொடுத்துவிடச் சொல்வேன். காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. வாங்கப்போனாலும் விற்கப்போனாலும் ஒரு நாள் சும்மா சுற்றிவிட்டு வாருங்கள், விலை பிடிபடும். வாங்கும்போது அங்கேயும் கவிழ்த்துப் பாருங்கள். நூறு வருடச் சாமான் என்று சொல்லப்பட்டதன் அடியில் ஸ்டார் ஸ்க்ரூ இருந்தால், அந்தத் திருகே 1930-களில்தான் உலகத்துக்கு வந்தது என்பதைச் சிரித்துக்கொண்டே சொல்லலாம். திருகை மட்டும் பிறகு மாற்றினார்கள் என்பார்கள், அதுவும் உண்மையாக இருக்கலாம்.

பீரோ இன்னும் முடியவில்லை. லிஃப்டில் ஏறாது என்று எல்லோரும் சொன்னார்கள். ஆசாரி வந்து தலைப்பகுதியைத் தூக்கி எடுத்தார், பின்பலகைகளை ஒவ்வொன்றாக உருவினார், பக்கவாட்டு ஆப்புகளைத் தட்டினார். கதவு, கண்ணாடி, சட்டம் என்று தனித்தனியாகப் படி ஏறி மூன்றாம் மாடிக்கு வந்துவிட்டது. கண்ணாடியின் பின்பூச்சு ஓரங்களில் உரிந்திருக்கிறது, புதிதாகப் பூசுவதா அப்படியே விடுவதா என்று வீட்டில் இரண்டு கட்சி. ஐப்பசி மழையில் பாலிஷுக்குக் கை வைக்க மாட்டேன், தை பிறந்ததும் வருகிறேன் என்று ஆசாரி சொல்லிவிட்டதால், அதுவரை பலகைகள் கூடத்துச் சுவரில் சாய்ந்து நிற்கின்றன. ஊஞ்சல் பலகை தயார். ஆனால் கொக்கி போடக் கூரையில் துளையிட வேண்டும். மேல் வீட்டுக்காரர் தரை வெடிக்கும் என்கிறார், அசோசியேஷன் செயலாளர் எழுத்து மூலம் கொடுங்கள் என்கிறார். கொடுத்திருக்கிறேன்.